ஒரு கரண்டி பவுலின்

"பவுல்ராஜ், வெரசா வாய்யா! வந்துருச்சு!"

கந்தவேல் சார் போட்ட சத்தத்தில் துடைப்பத்தை அப்படியே போட்டுவிட்டு ஓடினான் பவுல்ராஜ். கொடைக்கானலில் அந்தச் சின்ன மூலிகை ஆய்வுக்கூடத்தில் எட்டு வருஷமாகப் பேயாவரை என்ற காட்டுச்செடியின் இலையைக் காய்ச்சி வடித்துக்கொண்டிருந்த மனுஷர், ஒரு கண்ணாடித் தட்டை ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்திருந்தார். அதில் ஊசி ஊசியாக ஏதோ மின்னியது.

"எலைக்குள்ள இத்தனை வருஷமா ஒளிஞ்சு கெடந்த சரக்குய்யா! எந்தப் புஸ்தகத்துலயும் இது இல்ல. இனி எனக்கு டாக்டர் பட்டம் நிச்சயம்."

பவுல்ராஜ் தட்டைப் பார்க்கவில்லை, காய்ச்சும் சாதனத்தைத்தான் பார்த்தான். ஏனென்று அவனுக்கு மட்டும்தான் தெரியும்.

இலைப்பொடியை ஸ்பிரிட்டில் காய்ச்ச அங்கே ஒரு கண்ணாடிச் சாதனம் இருந்தது. கீழே கொதிக்கும். ஆவி மேலே போய்க் குளிர்ந்து, நடுவிலுள்ள காகிதக் குழலில் அடைத்த பொடிமேல் சொட்டுச் சொட்டாக இறங்கும். டிகாஷன் இறக்க இதைவிட நல்ல ஃபில்டர் உலகத்தில் உண்டா? மார்கழிக் குளிரில், சார் வருமுன் பவுல்ராஜ் அதில் தண்ணீர் ஊற்றிக் காபி போட்டுக் குடித்துவிடுவான். இந்தத் தடவை கழுவச் சோம்பல். குழலின் அடியில் காபிச் சக்கை கிடந்ததைப் பார்க்காமல், சார் அதன்மேலேயே இலைப்பொடியைத் திணித்துவிட்டார்.

காபிப்பொடி தந்தவள் பேத்துப்பாறைக் குப்பம்மாள். சாருக்கு இலை கொண்டுவருபவளும் அவள்தான். "எலை மட்டும் போதும்மா, ஒரு காய், ஒரு வெதை வரக்கூடாது" என்று சார் கறாராகச் சொல்லியிருந்தார். அந்த வருஷம் ஊரெல்லாம் காபி விலை ஏறிக் கிடக்க, குப்பம்மாள் மட்டும் பழைய விலைக்கே பொடி தந்தாள். கொஞ்சம் கசக்கும், அவ்வளவுதான்.

சொல்லிவிடலாம் என்றுதான் பவுல்ராஜ் வாயைத் திறந்தான். சார் முகத்தைப் பார்த்ததும் வார்த்தையை முழுங்கிவிட்டான். அதற்குப் பதிலாக, சாதனத்தை வெந்நீரில் மூன்று தடவை கழுவி வைத்தான்.

அடுத்த காய்ச்சலில் பச்சைக் குழம்பு வந்ததே தவிர, ஒரு ஊசி வரவில்லை.

மூன்று நாள் சார் சரியாகச் சாப்பிடவில்லை. "எனக்குத்தான்யா ராசி இல்ல. எங்கயோ கை தவறிட்டேன்." தப்புச் செய்தவன் பக்கத்தில் நிற்க, தப்பே செய்யாதவர் தலையில் அடித்துக்கொண்டார். பவுல்ராஜால் தாங்க முடியவில்லை. நாலாம் நாள் காலை, சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, ஒரு கரண்டி காபிப்பொடியை அவனே குழலின் அடியில் போட்டான்.

ஊசிகள் கொத்துக் கொத்தாக வந்தன!

சார் அவனைக் கட்டிப் பிடித்துக்கொண்டார். "ஒங் கைதான்யா ராசி! இந்தப் பொருளுக்கு ஒம் பேருதான். பவுலின்!"

ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் பூசையில் சாமியாரே அதை அறிவித்துவிட்டார். கோயில் மொத்தமும் திரும்பிப் பார்த்தது. பவுல்ராஜின் மனைவி லீமாவுக்குப் பெருமை பிடிபடவில்லை. அவனோ தன் கால் கட்டைவிரலையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஏங்க, நன்மை வாங்கப் போகலியா?"

"வயிறு சரியில்ல, லீமா." பொய்யை மனசில் வைத்துக்கொண்டு நற்கருணை அப்பத்தை எப்படி வாங்குவான்?

அடுத்த வாரமே, சாரின் டாக்டர் பட்டத்துக்குக் கையெழுத்துப் போடவேண்டிய பேராசிரியர் மதுரையிலிருந்து பஸ் ஏறி வந்துவிட்டார். "என் கண் முன்னாடி எடுத்துக் காட்டுங்க" என்று நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். காகிதக் குழலையும் அவரே கையில் எடுத்துக்கொண்டார்.

பவுல்ராஜின் உள்ளங்கையில் காபிப்பொடி வியர்வையில் ஊறியது. இருமினான், குனிந்தான், பெஞ்சைத் துடைத்த இடத்தையே துடைத்தான். பேராசிரியர் குழலைப் பிடித்தபடியே சாரிடம் ஏதோ கேட்கத் திரும்பிய நேரம் பார்த்து, குழலுக்கு மேலே கையைக் கவிழ்த்தான். பாழாய்ப்போன குறி தவறிவிட்டது. பாதிப் பொடி அவருடைய வெள்ளைச் சட்டைக் கையில் கொட்டியது.

பேராசிரியர் கையை முகர்ந்தார். "என்னய்யா, காபியா?"

பவுல்ராஜ் தரையில் உட்கார்ந்து, முதல் சக்கையிலிருந்து எல்லாவற்றையும் அழுதுகொண்டே சொன்னான். பேராசிரியர் குடையை எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்குப் போய்விட்டார்.

சார் திட்டவில்லை. இரண்டு அறை விட்டிருந்தால்கூடத் தேவலை.

"காபில ஆயிரம் சரக்கு கெடக்கும். அதுல ஒண்ணைப் புடிச்சுக்கிட்டு, பேயாவரையில கண்டுபுடிச்சேன்னு ஊரெல்லாம் பீத்திக்கிட்டேன். இனி எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு மதுரைப் பக்கம் போவேன்?" என்று சொல்லி, எட்டு வருஷ நோட்டுகளை ஒவ்வொன்றாகக் கணப்பில் போட்டார். தடுக்கத் தனக்கு என்ன யோக்கியதை என்று பவுல்ராஜ் கூனிக் குறுகி நின்றான்.

கடைசி நோட்டும் பற்றி எரிகையில், குப்பம்மாள் இலைக்கட்டோடு உள்ளே வந்தாள். கட்டை இறக்கிவிட்டு, கணப்பில் இரண்டு கையையும் காட்டிக் குளிர் காய்ந்தாள்.

"நல்ல அனலு! இந்தா தம்பி, ஒனக்குப் பொடி."

"அந்தக் கருமத்தை என் கண்ணுல காட்டாதீங்க! ஒங்க காபிப்பொடிதான் சார் பொழப்பையே கெடுத்துருச்சு!"

குப்பம்மாளின் முகம் செத்துவிட்டது. இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"கண்டுபுடிச்சிட்டீங்களா சாமி? தப்புத்தான், மன்னிச்சிருங்க. காபிக்கொட்டைக்கு நான் எங்கிட்டுப் போக? அதுல ஒரு பொட்டு காபிகூடக் கெடையாது. எலை மட்டும் போதும்னு நீங்க ஒதுக்கச் சொன்னீங்கள்ல, அந்தப் பேயாவரை வெதையைத்தான் வறுத்து இடிச்சுக் குடுத்தேன்!"