கழுவிய டீ கப்பும் மதிப்பிற்குரிய உறவினரும்

மதிப்பிற்குரிய என்று ஆரம்பித்தால் கடிதத்தையே திருப்பி அனுப்பிவிடும் என் ஒரே தாய்மாமாவுக்கு,

உங்கள் பயிற்சி வண்டியின் கிளட்ச்சைத் தேய்த்தே தீர்த்த மருமகள் வாலு வணங்கி எழுதுவது. இங்கே நான் நலம், அப்பா நலம், அம்மா நலமாக இருப்பது போல் நடிப்பதில் நலம். அங்கே நீங்கள் நலமா என்று இந்த இடத்தில் கேட்பதுதான் முறை. ஆனால் மாமா, இந்தக் கடிதம் முழுக்கவே அந்த ஒரு கேள்விதான் என்பதால் அதை ஒரு வரியில் கேட்டு முடிக்க முடியவில்லை.

முதலில் நீங்களும் அம்மாவும் போட்டு வைத்திருக்கும் சண்டைக்கு வருகிறேன். உங்கள் தங்கை ஊர் உலகத்துக்கு மார்பகப் புற்றுநோய் மரபணு ஆராய்ச்சியாளர். உங்கள் அம்மா அந்த நோயில் போனபோது அவள் பள்ளிக்கூடத்தில் இருந்தாள், என் பெரியம்மாவுக்கும் அதுவே வந்தபோது ஆய்வுக்கூடத்தில் இருந்தாள், அன்றிலிருந்து அவள் கண்ணுக்கு மனிதர்களே தெரிவதில்லை. பெண்கள் வட்டம், ஆண்கள் சதுரம், நோய் வந்தவர் கறுப்பு, வராதவர் வெள்ளை, இப்படிக் குடும்பம் குடும்பமாக மரம் வரைந்து தள்ளிவிட்டாள். டாக்டர்கள் அம்மா வழியை மட்டும் விசாரிக்கிறார்கள், அப்பா வழியாக இறங்கி வரும் கோளாறு யார் கண்ணிலும் படாமல் நழுவிவிடுகிறது என்று நிரூபிக்க அவளுக்குப் பாதி ஆயுள் ஆனது. மேடை மேடையாக ஏறி, சதுரங்களையும் கேளுங்கள் என்றாள். எல்லாச் சதுரமும் கேட்டது, சொந்த அண்ணனைத் தவிர.

ஒருவருக்கு இந்த மரபணுக் கோளாறு இருப்பது தெரிந்தால் அதை அவருடைய சொந்தக்காரர்களிடம் டாக்டர் போய்ச் சொல்லக் கூடாதாம், அவரேதான் சொல்ல வேண்டுமாம். எப்படிச் சொல்வது என்று தெரியாமல் நிறைய பேர் சொல்லாமலே விட்டுவிடுவதால், 'மதிப்பிற்குரிய உறவினரே' என்று தொடங்கி, கோடிட்ட இடத்தை நிரப்பிக் கொடுத்தால் போதும் என்கிற மாதிரி ஒரு கடிதத்தை அம்மாதான் தயார் செய்தாள். அடுத்தவர் குடும்பத்துக்கு மரம் வரைந்தே தன் சோதனையைத் தள்ளிப்போட்டுக்கொண்டிருந்தவள், இந்த வருஷம் ஒருவழியாகச் செய்துகொண்டாள். அவளுக்கும் அந்தக் கோளாறு இருந்தது. உடனே அந்தக் கடிதத்தை எடுத்து, உறவுமுறை என்ற இடத்தில் அண்ணன் என்று எழுதி, உங்களுக்கு அனுப்பிவிட்டாள். அவள் அதில் தப்பே காணவில்லை, மாமா. எங்கள் வீட்டில் அவ்வளவு பெரிய மூளை இருந்தும், அண்ணனுக்குப் போன் போடலாம் என்று ஒரு சின்ன மூளைக்குக்கூடத் தோன்றவில்லை. அன்று நீங்கள் பேசியதை ஸ்பீக்கரில் நானும் கேட்டேன்.

"யாரு அது மதிப்பிற்குரிய உறவினர்? கூடப் பிறந்தவன்கிட்ட சொல்ல உனக்கு வாய் இல்ல, கோடு போட்ட தாள் வேணும்."

"அண்ணே, அது நிறைய பேர்கிட்ட குடுத்து சோதிச்சுப் பாத்த கடிதம்."

"அப்ப அவங்களுக்கே அனுப்பு. இது பொம்பளைங்க சமாச்சாரம். என்னை இழுக்காத."

அதோடு பேச்சு நின்றது. என்மேல் உங்களுக்குக் கோபம் இல்லாததால் ஓட்டுநர் பயிற்சி மட்டும் நிற்கவில்லை. போன வாரம் நடந்ததைத்தான் இப்போது சொல்லப் போகிறேன், தயவுசெய்து தாளைக் கீழே வைக்காதீர்கள். பெல்ட் போடாதவரை நடுரோட்டில் இறக்கிவிடுகிற ஆள் நீங்கள். அன்று உங்கள் பெல்ட் மார்புக்குக் குறுக்கே போகாமல் கக்கத்துக்குக் கீழே போயிருந்தது.

"மாமா, பெல்ட் தப்பா போட்டிருக்கீங்க."

"ரோட்டைப் பாரு."

"ரோடு சரியாத்தான் போட்டிருக்காங்க."

"தோள்ல உராயுது, வாலு. பேசாம ஓட்டு."

ரோட்டைப் பார்த்தேன். ரோட்டிலிருந்து ஒரு நாய் என்னைப் பார்த்தது. இரண்டு காலாலும் பிரேக்கை மிதித்தேன், வண்டி குதித்து நின்றது. எனக்கு முன்னால் உங்கள் பக்கத்துப் பிரேக்கை மிதித்துவிட்டு என் பரம்பரையையே திட்டுவது உங்கள் வழக்கம். அன்று உங்கள் கால் அசையவில்லை. கை மட்டும் மார்புக்குப் போய் அங்கேயே நின்றது. முகம் வெளுத்துவிட்டது. கையை எடுக்காமலே, "நல்லாத்தான் நிறுத்தின" என்றீர்கள். எனக்கு அப்போதுதான் பயம் வந்தது. நீங்கள் என்னைப் பாராட்டி நான் கேட்டதே இல்லை.

பிறகு வீட்டுக்கு வந்து டீ குடித்துவிட்டு, அம்மா வருவதற்குள் கிளம்பிப் போனீர்கள். உங்கள் கப்பை நான் கழுவவில்லை. நான் எந்தக் கப்பையும் கழுவுவதில்லை என்பது வேறு விஷயம், ஆனால் இதை ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு ஃபிரிட்ஜில் தக்காளிக்குப் பின்னால் ஒளித்து வைத்தேன். எச்சிலிலிருந்து மரபணு எடுக்கலாம் என்பது எங்கள் வீட்டில் அரிச்சுவடிக்கு அடுத்த பாடம். சாயங்காலம் அம்மா தக்காளி எடுக்கப் போனாள்.

"இது என்னடி?"

"மாமா."

"என்னது?"

"மாமா குடிச்ச கப். நீ கேட்டா தரமாட்டாரு. அதான் கேக்காமலே வாங்கிட்டேன்."

ஃபிரிட்ஜ் கதவு திறந்தே கிடந்தது. அம்மா பையோடு நின்றாள். அவளுக்கு வேண்டிய பதில் அந்த விளிம்பில் காய்ந்திருந்தது, மாமா.

"கேக்காம எடுத்தா அது ஆராய்ச்சி இல்ல. திருட்டு."

"யாருக்கும்மா தெரியப் போகுது?"

"எனக்குத் தெரியும்ல."

தெரிந்துகொள்ள ஒருவருக்கு உரிமை இருப்பது போல, தெரிந்துகொள்ளாமல் இருக்கவும் உரிமை உண்டு என்று விதி எழுதிய குழுவில் அவளும் ஒருத்தி. கப்பைக் கழுவினாள். சோப்புப் போட்டு, திருப்பி, மறுபடி சோப்புப் போட்டு, எந்தப் பாத்திரத்தையும் அவள் அப்படித் தேய்த்து நான் பார்த்ததில்லை. சோப்பு வழுக்கி, கப் தொட்டியில் விழுந்து பிடி உடைந்தது. அப்போதுதான் நான் பெல்ட்டைப் பற்றிச் சொன்னேன். முடிப்பதற்குள், "எந்தப் பக்கம்?" என்றாள். ஈரக் கையோடு உங்களுக்குப் போன் போட்டாள். நீங்கள் அந்தப் போன் கம்பெனிப் பெண்ணின் பதிவுக் குரலில், "நீங்கள் அழைக்கும் மதிப்பிற்குரிய உறவினர் தற்போது தொடர்பு எல்லைக்கு வெளியே இருக்கிறார்" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டீர்கள். நான் சிரித்துத் தொலைத்தேன். அம்மா சிரிக்கவில்லை. அதற்கப்புறம் எப்போது அடித்தாலும் அத்தை எடுத்து நீங்கள் குளிப்பதாகச் சொல்கிறார். இவ்வளவு குளித்தால் நீங்கள் இந்நேரம் கரைந்திருக்க வேண்டும். நேற்று அம்மா உங்கள் வாசல் வரை வந்துவிட்டுத் திரும்பினாள். ஏன் என்றேன். "வண்டி நின்னுச்சு. அண்ணன் உள்ளதான் இருந்தாரு. தட்டினா வற்புறுத்துற மாதிரி ஆயிடும்" என்றாள்.

வற்புறுத்தக் கூடாது என்பது அவளுக்கு விதி. எனக்கு அப்படி எந்த விதியும் கிடையாது, லைசென்ஸுக்கு வயது வந்தும் சோதனைக்கு இன்னும் வராததால் அதுகூடக் கிடையாது, ஆகவே ஆசை தீர வற்புறுத்துகிறேன். ஆண்களுக்கும் வரும், மாமா. குறைவாகத்தான் வரும். வந்தவர்கள் இது பொம்பளைங்க சமாச்சாரம் என்று சட்டைக்குள்ளேயே வைத்துக்கொண்டு முற்ற விடுகிறார்கள். அம்மாவின் மரங்களில் கறுப்புச் சதுரங்கள் கொஞ்சம்தான், ஆனால் அதில் பலவற்றின் மேல் குறுக்கே ஒரு கோடு இருக்கும். அந்தக் கோடு எதற்கு என்று சின்ன வயதில் கேட்டேன். "ஆள் இல்ல" என்றாள். நம் குடும்ப மரத்தில் எல்லாம் பேனாவில் இருக்கிறது, உங்கள் சதுரத்துக்குள் மட்டும் பென்சிலால் ஒரு கேள்விக்குறி. உங்களுக்கு இருந்தால் உங்கள் மகளுக்கும் இருக்கப் பாதிக்குப் பாதி வாய்ப்பு. ஓட்டத் தெரியாதவர் கையில் வண்டி இருக்கும்போது மிதிக்கத்தான் உங்கள் பக்கம் ஒரு பிரேக் வைத்திருக்கிறார்கள். அன்று நீங்கள் மிதிக்கவில்லை. இன்றைக்காவது மிதியுங்கள்.

சின்னவர்கள் பெரியவர்களை ஆசீர்வதிக்கக் கூடாது, இருந்தாலும் நேரம் சரியில்லாததால் செய்துவிடுகிறேன்: நீண்ட ஆயுளும், தேயாத டயரும், எதிரே வராத நாய்களும் பெற்று வாழ்வீர்களாக. அத்தைக்கு என் வணக்கம். உங்கள் குளியலறைக்கு என் விசாரிப்பு.

இப்படிக்கு,
உறவும் மதிப்பும் இரண்டுமே உள்ள
வாலு

பின்குறிப்பு: மேலே உள்ள எதையும் படிக்க வேண்டாம். ஒட்டிய கவரைக் கிழித்து இதை எழுதுகிறேன். இப்போதுதான் தபாலில் அம்மாவுக்கு ஒரு கடிதம் வந்தது. அவள் உங்களுக்கு அனுப்பிய அதே தாள், நிரப்பின இடங்களில் வைட்னர் பூசி, அதன்மேல் உங்கள் கோணல் எழுத்து. "மதிப்பிற்குரிய உறவினரே, உங்கள் அண்ணனுக்கு இந்த மரபணு மாற்றம் இருப்பது உறுதி செய்யப்பட்டுள்ளது." ஆக, போனில் கத்திவிட்டு நேராகப் போய் எச்சிலும் கொடுத்து, மார்பிலிருந்த கட்டியையும் காட்டிவிட்டு வந்திருக்கிறீர்கள். ஊசி வைத்துச் சதை எடுத்த புண்ணோடுதான் என் பக்கத்தில் உட்கார்ந்து ரோட்டைப் பார்க்கச் சொல்லியிருக்கிறீர்கள். அடியில் எழுதியிருந்ததை அம்மா சத்தமாகப் படித்தாள்: "கட்டில ஊசி வச்சு சதை எடுத்துப் பாத்தாங்க, அம்மாவுக்கு வந்த அதேதான். வியாழக்கிழமை ஆபரேஷன். சின்னதுதான்னு சொல்றாங்க. எப்படிச் சொல்றதுன்னு எனக்கும் வாய் வரல, உன் தாள்தான் உதவிச்சு. வா. விஞ்ஞானியா வராத, கேள்வி கேட்டே கொன்னுடுவ. தங்கச்சியா வா."

எத்தனையோ பேருக்குப் போன கடிதம், அவளுக்கு ஒன்று வருவது இதுதான் முதல் தடவை. சந்தேகம் இருந்தால் தயங்காமல் தொடர்புகொள்ளவும் என்று தானே எழுதின கடைசி வரி வரை படித்தாள். பிறகு மரத்துக்கு முன்னால் போய் நின்று பேனாவை எடுத்தாள், வைத்துவிட்டாள், ரப்பரை எடுத்துக் கேள்விக்குறியை மட்டும் அழித்தாள். கறுப்பு இன்னும் அடிக்கவில்லை. இப்போது செருப்பு மாட்டிக்கொண்டு வாசலில் நிற்கிறாள், இந்த முறை உங்கள் கதவைத் தட்டுவாளாம். நானும் கூட வருகிறேன், இதை என் கையாலேயே தருகிறேன். வியாழக்கிழமை ஆஸ்பத்திரிக்கு வண்டி நான்தான் ஓட்டுவேன். பெல்ட்டைக் கக்கத்துக்குக் கீழேயே போட்டுக்கொள்ளுங்கள், மாமா. நடுரோட்டில் இறக்கிவிட மாட்டேன்.