புல்தரையில் வாட்டம் பார்த்த வகையில்

அன்பு மைத்துனனுக்கு,

இங்கு அனைவரும் நலம், என் நெஞ்செலும்பைத் தவிர. அங்கும் எல்லோரும் சௌக்கியம் என்றே வைத்துக்கொண்டு விஷயத்துக்கு வருகிறேன். உன் அக்கா சொல்வதற்குள் நான் சொல்லிவிட வேண்டும்.

ரிட்டயரான மனிதர் சும்மா இருக்கக்கூடாது என்று சம்பந்தி என்னைக் கோல்ஃப் ஆட இழுத்துப் போனார். பந்தைத் தூர அடிப்பது பெரிதில்லையாம்; குழியைச் சுற்றி மொட்டையடித்தாற்போல் வெட்டிய புல்லில், தரை எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்த்து உருட்டுவதுதான் வித்தையாம். சர்வீஸ் முழுக்கக் குளியலறைத் தண்ணீர் ஓடும் வாட்டத்துக்காக மேஸ்திரிகளோடு மல்லுக்கட்டிய இன்ஜினீயர், எனக்கா தெரியாது? குந்திப் பார்த்தேன், எதிர்ப்பக்கம் போய்ப் பார்த்தேன், கடைசியில் குப்புறப் படுத்துக் கன்னத்தைப் புல்லில் வைத்துப் பார்த்தேன். பின்னால் ஆடவந்த பல் டாக்டர் நான் மயங்கிவிட்டதாக நினைத்து ஓடிவந்து, புரட்டிப் போட்டு நெஞ்சில் குத்த ஆரம்பித்துவிட்டார். "வாட்டம் பாக்கறேன் டாக்டர்" என்றேன். "வாட்டமாத்தான் இருக்கீங்க, பேசாதீங்க" என்று இன்னும் நாலு குத்து.

வீட்டிலும் பயிற்சி செய்தேன். பந்தை உருட்டி உருட்டி, கூடத்துத் தரை பீரோ பக்கம் சாய்வதைக் கண்டுபிடித்து உன் அக்காவிடம் சொன்னேன். "இந்த வீட்டக் கட்டினதே நீங்கதானே?" என்றாள். பீரோவுக்கு அடியிலிருந்து பந்தை எடுத்துக்கொண்டு மொட்டைமாடிக்குப் போய்விட்டேன்.

இப்படியிருக்க, கிளப் போட்டியின் கடைசிக் குழியில் நானும் சம்பந்தியும் சமம். மகள் முந்தின நாளே போனில், "அப்பா, மாமா தோத்தா வீட்ல யாரோடயும் பேச மாட்டார். நீங்களே விட்டுக்குடுத்துடுங்க" என்று கெஞ்சியிருந்தாள். பெற்ற பெண்ணின் நிம்மதியைவிடக் கோப்பையா பெரிது? நன்றாக வாட்டம் பார்த்தேன். சந்தேகமே இல்லை, தரை இடப்பக்கம் சாய்கிறது. ஆகவே குழிக்கு இடப்பக்கமாகவே உருட்டிவிட்டேன், சாய்வும் சேர்ந்து பந்தை ஓரத்து மணல்பள்ளத்தில் கொண்டுபோய்த் தள்ளட்டும் என்று. அந்தப் பாழாய்ப்போன பந்து பாதி வழியில் வலப்பக்கம் திரும்பி, சொந்த வீட்டுக்குள் நுழைவதுபோல் குழிக்குள் போய் உட்கார்ந்தது. எல்லோரும் கை தட்டினார்கள். சம்பந்தி தொப்பியைக் கழற்றினார், மாட்டினார், காரில் ஏறிப் போய்விட்டார். நான் பஸ்ஸில் வந்தேன்.

அன்றிலிருந்து மகள் போனை எடுப்பதில்லை. "தோக்கக்கூடத் தெரியாதா ஒரு மனுஷனுக்கு?" என்கிறாள் உன் அக்கா. போதும் மச்சான், இந்த ஆட்டத்துக்கு ஒரு கும்பிடு. மட்டைகளை உனக்குப் பார்சல் போடுகிறேன். துணி காயப்போடக் கொடி கட்டவாவது உதவும்.

உன் வீட்டாரை விசாரித்ததாகச் சொல். பிள்ளைகள் சமதரையில் நடந்து நீடூழி வாழட்டும்.

இப்படிக்கு,
உன் அக்காவின் கணவன்

பி.கு.: கவரை ஒட்டும் நேரத்தில் சம்பந்தி போன் செய்தார். கோபமெல்லாம் இல்லையாம், இத்தனை நாளும் அதே யோசனையாம். "அது வலப்பக்கம் திரும்பும்னு எனக்கே தெரியலயே, நீங்க எப்படிங்க கண்டுபிடிச்சீங்க? எனக்கும் சொல்லிக்குடுங்க" என்கிறார். நாளைக் காலை முதல் பாடம். மட்டைகள் வராது. நான் எந்தப் பக்கம் வாட்டம் பார்த்தேன் என்பதை மட்டும் மறந்துவிடு; நான் ஏற்கெனவே மறந்துவிட்டேன்.