ஐந்து மில்லி ஆம்பியர் ஆடம்பரம்

நாட்டிலுள்ள அளவுக் கருவிகளுக்கெல்லாம் நல்லது கெட்டது சொல்வது அளவைத் துறையின் வேலை. அந்தத் துறைக்கே நல்லது கெட்டது சொல்வது ஜீனர் டயோடு என்ற கடுகளவு மின்னணுச் சில்லு ஒன்று. ஐந்து மில்லி ஆம்பியர் மின்னோட்டம் கொடுத்தால் அதன் வோல்டேஜ் ஆடாமல் அசையாமல் நிற்கும். மற்ற கருவிகளை அதோடு ஒப்பிட்டுப் பொறியாளர் முத்திரை குத்துவார். பாவம், நல்ல மனிதர்.

அந்த வருடம் சிக்கனம் நாகரிகமாகிவிட்டது. இயக்குநர் தமது குளுகுளு அறையில் சிக்கனக் குழுவைக் கூட்டி, பொறியாளரையும் அழைத்தார்.

"இத்தனை வருஷமா அஞ்சு வாங்குதே, அது என்னய்யா வேலை செய்யுது?"

"ஒரே இடத்துல நிக்குது சார்."

"நிக்கிறதுக்கா அஞ்சு? நம்ம வாட்ச்மேனும்தான் நிக்கிறார்!"

"குறைச்சா வோல்டேஜ் சரிஞ்சிடும் சார்."

மேன்மைமிகு குழு ஆழ்ந்து பரிசீலித்து, கால் மில்லி ஆம்பியரே போதுமானது என ஒருமனதாகத் தீர்மானித்தது. வோல்டேஜ் சரிந்தது. பொறியாளர் பதறிப்போய் அதை இயக்குநரிடம் சொன்னார்.

"நம்மளுதுதானே தரம்? தரம் எப்படிய்யா தப்பாகும்? மத்ததெல்லாம் ஏறிப்போச்சுன்னு எழுதும்," என்றார் இயக்குநர். பொறியாளரின் பதவி உயர்வுக் கோப்பு அவர் மேசையில் இருந்தது. பொறியாளர் வாயை மூடிக்கொண்டு முத்திரை குத்தினார்.

அளவுகோல் குட்டையானால் அளக்கப்படுகிறவர் வளர்ந்துவிடுவார் அல்லவா? அப்படித்தான், வாசலில் நெற்றிக்கு நேரே பிடித்துக் காய்ச்சல் பார்க்கும் கருவிகளெல்லாம் ஊருக்கே நூற்று மூன்று டிகிரி காட்டின. பொறியாளரின் மகளைப் பரீட்சைக் கூடத்து வாசலிலேயே நிறுத்திவிட்டார்கள். வருடம் பூராவும் கண் விழித்துப் படித்த பெண்.

"மெஷின் தப்புய்யா!" என்றார் கூடப் போயிருந்த பொறியாளர்.

"முத்திரை இருக்கே சார்," என்றார் காவலாளி.

"அது என் முத்திரைதான்!"

"அப்புறம் என்ன சார்?"

ஆட்டோ பிடித்து அலுவலகத்துக்கு ஓடினார். சிக்கனக் குழு மொத்தமும் காய்ச்சல் என்று வாசலுக்கு வெளியே நின்றது. காரில் ஏசிக் காற்றுக்கு முகத்தைக் கொடுத்தபடி வந்த இயக்குநரின் நெற்றி மட்டும் தேறியது.

"சார், கருவி தப்பா காட்டுது! என் பொண்ணு வெளியில நிக்கிறா!"

"என்னை உள்ள விட்டுச்சேய்யா. சரியாத்தானே இருக்கு?" என்று சொல்லிவிட்டு இயக்குநர் உள்ளே போனார்.

பொறியாளருக்கு அழுகை வந்தது, ஆத்திரம் வந்தது, கடைசியில் யோசனையும் வந்தது. ஐஸ் வாங்கிக்கொண்டு பரீட்சைக் கூடத்துக்குத் திரும்பி ஓடினார். அங்கே வரிசையில் எல்லோர் நெற்றியிலும் ஏற்கெனவே ஐஸ் இருந்தது. அவரும் மகளின் நெற்றியில் வைத்தார்.

"அப்பா, எனக்குக் காய்ச்சலே இல்லையே. மெஷின் தப்புன்னு உங்களுக்குத் தெரியும்ல? எல்லார்கிட்டயும் சத்தமா சொல்லுங்கப்பா," என்றாள் மகள்.

வரிசை முழுவதும் திரும்பி முறைத்தது.

"சும்மா இரும்மா," என்றார் முன்னால் நின்றவர். "இப்பப் போய் மெஷினைச் சரி பண்ணிட்டாங்கன்னா, இந்த ஐஸோட எங்களைப் பொணம்னு காட்டுமே, யாரு உள்ள விடுவா?"

"அதானே," என்ற பொறியாளர், மகளின் நெற்றியில் ஐஸை இன்னும் கொஞ்சம் அழுத்திப் பிடித்தார்.