பைலா வேகத்தில் ஒரு காணிக்கைப் பவனி

என் வலது கை என் சொல்லைக் கேட்காது. இன்றைக்கு இதைச் சிரித்துக்கொண்டே சொல்கிறேன். இருபத்தாறு வயதில் இதனால் என் கல்யாணமே நின்றுபோகப் பார்த்தது.

ஸ்டெல்லாவும் நானும் எல்கடுவப் பக்கம் ஒரே தேயிலைத் தோட்டம். எங்கள் வீட்டிலிருந்து பெண் கேட்டுப் போனோம். அவளுடைய அப்பா சூசை கணக்கப்பிள்ளை என் முகத்தைப் பார்க்கவே இல்லை. ஆடிக்கொண்டே இருந்த என் காலைத்தான் பார்த்தார்.

"அஞ்சு நிமிசம் சும்மா குந்தத் தெரியல. இந்தப் பையனுக்கு எப்படிங்க பொண்ணு குடுக்குறது? கோயில் திருநாள் முடியட்டும், பாத்துச் சொல்றேன்."

நான் நிதானமானவன் என்று அவருக்குக் காட்ட நான் கண்டுபிடித்த வழி, கிட்டார். (சிரிக்காதீர்கள், அப்போது அது பெரிய புத்திசாலித்தனமாகத் தெரிந்தது.) எங்கள் கோயில் பாடகர் குழுவில் கிட்டார் வாசித்துக்கொண்டிருந்த ஓர் அண்ணன் டுபாய்க்குப் போய்விட்டார். நேரே ஃபாதரிடம் போய், "நான் வாசிக்கிறேன் ஃபாதர்" என்றேன். அதுவரை கிட்டாரைத் தொட்டதுகூட இல்லை. திருநாளுக்கு ஆறு வாரம் இருந்தது.

எங்கள் லயத்து வீட்டு வரிசையில் தண்ணீர் டேங்க் பக்கத்தில்தான் சிக்னல் கிடைக்கும். அங்கே கோயில் கிட்டாரோடு நின்றபடி ஃபோனில் வீடியோ பார்த்துப் பழகினேன். பூசையில் காணிக்கைப் பொருள்களைப் பீடத்துக்குக் கொண்டுபோகும்போது பாடும் பாட்டுக்கு மூன்றே தட்டு. கீழே ஓர் இழுப்பு, பொறுத்து இன்னொன்று, பொறுத்து இன்னொன்று. வேகமான தட்டுதான் கஷ்டம், மெதுவானது லேசு என்று நினைத்திருந்தேன். சுத்தப் பொய்! ஒரு தட்டுக்கும் அடுத்த தட்டுக்கும் நடுவே காத்திருக்க வேண்டும். நானோ பஸ் வரும்வரை நிற்க முடியாமல் அடுத்த ஹோல்ட்டுக்கு நடந்துவிடுகிற ஆள்.

திரீவீல் ஓட்டும் என் கூட்டாளி அந்தோனி ஒருநாள் இதைக் கேட்டுவிட்டான்.

"என்னடா, சாவு வீட்ல வாசிக்கிற மாதிரி? இங்க குடு" என்று பிடுங்கி, ஆட்டம் போட வைக்கும் பைலாப் பாட்டின் தட்டைக் காட்டினான்.

நம் இலங்கையில் கிட்டாரைக் கையில் எடுத்தாலே யாராவது பைலா கேட்பார்கள். சுற்றுலா போகும் ட்ரிப் பஸ்ஸில் கைதட்டித் தட்டியே அது நமக்கெல்லாம் ஊறிப்போயிருக்கும். பத்தே நிமிடத்தில் என் கை அதைப் பிடித்துக்கொண்டது, பிறகு விடவே இல்லை. சோற்றுத் தட்டில், கடை மேசையில், படுத்தால் வயிற்றில், எங்கேயும் டிங்கிடி டிங்கிடிதான். "என்னடா, சொறியா?" என்று அம்மா மருந்து எண்ணெயோடு வந்து நின்றார்.

திருநாளும் வந்தது. புதுச் சட்டை, அது நனைய வேர்வை. பாடகர் வரிசையில் நின்ற ஸ்டெல்லா, "மெதுவா, என்ன? எண்ணிக்கிட்டே வாசிங்க" என்றாள். தலையை ஆட்டினேன்.

காணிக்கைப் பவனி பின்வாசலிலிருந்து புறப்பட்டது. முதலில் கூடையில் கொழுந்து, அப்புறம் மிளகு, வாழைக்குலை. கடைசியாக, தட்டில் தோடம்பழங்களைக் குவித்துக்கொண்டு சூசை கணக்கப்பிள்ளை. அவருக்கு முழங்கால் வருத்தம். அவருக்காகவே பவனி எப்போதும் ஊர்ந்துதான் வரும்.

முதல் இரண்டு வரியும் நல்லபடியாகப் போயின. மூன்றாவது வரியில் கோர்ட் மாற்ற வேண்டும். இடது கை விரல்கள் ஒன்றோடொன்று சிக்கிக்கொண்டு கம்பியைத் தேட, வேலையில்லாமல் நின்ற வலது கைக்குப் பொறுக்கவில்லை. டிங்கிடி டிங்கிடி. டோலக் வாசித்தவர் இதற்காகவே பிறந்தவர் போல உடனே சேர்ந்துகொண்டார்.

"ஐயோ, என்ன செய்றீங்க!" என்று ஸ்டெல்லா பாட்டுக்கு நடுவிலேயே பல்லைக் கடித்தாள். நிறுத்தத்தான் பார்த்தேன், கை நிற்கவில்லை!

கொழுந்துக் கூடை, ஃபாதர் பீடத்தை விட்டு இறங்குவதற்குள் போய்ச் சேர்ந்துவிட்டது. பெஞ்சுகளில் கைதட்டத் தொடங்கினார்கள். கணக்கப்பிள்ளை முதலில் முறைத்தார். பிறகு அவருடைய தோள் லேசாக அசைந்தது. அப்புறம் கால். வாழைக்குலையையே முந்திக்கொண்டு, இரண்டு தோடம்பழம் உருள, பீடத்தடியில் போய் நின்றார்.

பூசை முடிந்ததும் நழுவப் பார்த்தேன். வாசலிலேயே பிடித்துவிட்டார்.

"இது கோயிலா, ட்ரிப் பஸ்ஸா? இந்த ஜென்மத்துல ஒனக்கு என் பொண்ண..."

மானம் போனது போகட்டும், ஸ்டெல்லாவும் போய்விட்டாளே என்று எனக்கு அழுகையே வந்துவிட்டது. அதற்குள் அவருடைய மனைவி பிலோமினா அக்கா குறுக்கே வந்து நின்றார். என்னைப் பார்க்கவில்லை, அவரைத்தான் பார்த்தார்.

"பத்து வருசமா முழங்கால், முழங்கால்னு சொல்லி வெறகுக்கும் நான், தண்ணிக்கும் நான். இன்னிக்கு வாழைக்குலைய முந்திக்கிட்டுப் போனது யாரு காலுங்க?"

கூடியிருந்தவர்கள் கொல்லென்று சிரித்தார்கள். கணக்கப்பிள்ளை குனிந்து முழங்காலைத் தடவினார். அக்கா என் பக்கம் திரும்பினார்.

"தம்பி, வீட்ல சொல்லி நாள் பாக்கச் சொல்லுங்க."

பார்த்தோம். (கல்யாணப் பூசைக்கு ஃபாதர் போட்ட ஒரே நிபந்தனை, மாப்பிள்ளை கிட்டார் பக்கமே போகக் கூடாது.) மாமா ஒரு வருடம் என்னோடு சரியாகப் பேசவில்லை. அதில் நியாயம் இருக்கிறது, பத்து வருடச் சுகத்தை ஒரே பாட்டில் கெடுத்துவிட்டேன் அல்லவா!

இன்றைக்கும் வேலை என்று காதில் விழுந்ததும் மாமா முழங்காலைத் தடவத் தொடங்குவார். மாமி குசினி அடுப்படியிலிருந்தே குரல் கொடுப்பார்.

"ஸ்டெல்லா, மாப்பிள்ளைய கிட்டாரோட வரச் சொல்லு!"

நான் எழும்புவதற்குள் மாமா விறகுக் கத்தியோடு வாசலைத் தாண்டியிருப்பார்.