குழாய் மூடினால் வாய் திறப்பவர்

நம் கிள்ளான் பள்ளத்தாக்கில் ஓர் இனம் இருக்கிறது. குழாயில் தண்ணீர் வரும் நாள்களில் அதை உங்களால் அடையாளம் காண முடியாது. எல்லாரையும் போல வேலைக்குப் போகும், பாசாரில் மீன் விலை கேட்கும், கோயில் அன்னதான வரிசையில் நிற்கும். தண்ணீர்த் தடை என்று கைப்பேசியில் அறிவிப்பு வரட்டும், நீங்கள் வாளியைத் தேடுவீர்கள், இவர் ஆளைத் தேடுவார். கேட்க ஆள் வேண்டுமே! கிடைத்துவிட்டால் பக்கத்து மாநிலமான பகாங்கில் தொடங்குவார். மலைக்கு அந்தப் பக்கம் பெய்த மழை எந்த ஆற்றில் இறங்குகிறது, அதை எங்கே மறித்து மேலே ஏற்றுகிறார்கள், மலையின் வயிற்றைக் குடைந்த சுரங்கம் வழியாக அது எப்படி நம் சிலாங்கூருக்கு வந்து சேர்கிறது, வந்த நீர் மழை பெற்ற மாநிலத்துக்குச் சொந்தமா, விலை கொடுத்த மாநிலத்துக்குச் சொந்தமா, அணையில் தேக்கியதை வறட்சியில் முதலில் யாருக்குத் திறந்துவிட வேண்டும் என்று, நீங்கள் காலி வாளியோடு நிற்பதைக் கண்டும் காணாமல் சொல்லிக்கொண்டே போவார். நடுவில் நிறுத்தி, இதெல்லாம் எத்தனை பேருக்குத் தெரியும் என்று கேட்பார். பதில் சொல்லாதீர்கள். சொன்னால் காவிரி வரும்.

இவரை நான் தூரத்திலிருந்து பார்த்து எழுதவில்லை. காலையில் முகம் மழிக்கும்போது கண்ணாடியில் பார்க்கிறேன். பெயர் திருச்செல்வம். இன்சூரன்ஸ் விற்கும் காப்புறுதி முகவர். கிள்ளானில் நான்கு மாடி அடுக்குமாடி ஒன்றில், கீழ்வீட்டில் வாசம். அணைக்கட்டு எதையும் கண்ணால் கண்டதில்லை. ஒருமுறை குடும்பத்தோடு பார்க்கப் போனோம். மழை பிடித்துக்கொண்டதால் காரிலேயே நாசி லெமாக் சாப்பிட்டுவிட்டுத் திரும்பினோம். அறிவுக்கு அது ஒரு தடையா என்ன?

சென்ற தடையின்போது நடந்ததைச் சொல்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை. வெளியிலிருந்து வரும் நீர் நின்றுவிட்டது. எங்களுக்கு மிச்சம், கூரைமேல் இருக்கும் பொதுத் தொட்டியில் தேங்கி நின்றது மட்டும்தான். அந்தத் தொட்டிக்கு ஒரு குணம் உண்டு. கீழே இருப்பவர்கள் குழாயைத் திறந்தால், தொட்டிக்கு நேர் கீழே குடியிருக்கும் மேல்மாடிக்காரர்களுக்குக் காற்றுதான் வரும். அந்த மேல்மாடியில் சீதாலெட்சுமியும் அவள் கணவர் ரெங்கசாமியும் இருந்தார்கள். ரெங்கசாமி லோரி ஓட்டியவர். இனிப்பு நீர் நோயால் காலில் புண் வைத்து, ஒரு விரலை எடுத்து, அப்போதுதான் ஆஸ்பத்திரியிலிருந்து வீடு வந்திருந்தார். தினமும் புண்ணைச் சுத்தம் செய்து கட்டு மாற்ற வேண்டும்.

சீதாலெட்சுமி இறங்கி வந்து அப்துல் காதரிடம் கேட்டாள். அவர்தான் எங்கள் குடியிருப்பாளர் தலைவர், கூரைச் சாவி அவரிடம்தான்.

"தம்பி, கீழ்மாடிக்கு எறங்குற பைப்ப மட்டும் கொஞ்ச நேரம் அடைச்சு வைங்க. நான் ரெண்டு வாளி புடிச்சிக்கிறேன்."

அப்துல் காதர் நல்ல மனிதர். சாவியைக்கூடக் கையில் எடுத்துவிட்டார். என் கெட்ட நேரம், அதாவது அவளுடைய கெட்ட நேரம், நான் பக்கத்தில் நின்றேன். ஒருவர் கேட்டார் என்பதற்காக இன்னொருவரின் குழாயை அடைப்பது சரியா, நாளை வேறொருவர் கேட்டால் என்ன செய்வீர்கள் என்று நான் கேட்டேன். அப்துல் காதர் சாவியைப் பைக்குள் போட்டார்.

"இது பைப்பு விஷயம் இல்ல லா," என்றேன். "கொள்கை விஷயம்."

கார் நிறுத்தும் இடத்தில் பிளாஸ்டிக் நாற்காலிகளைப் போட்டுக் கூட்டம் தொடங்கியது. சீதாலெட்சுமியும் ஒரு நாற்காலியில் உட்கார்ந்தாள். நான் நின்றுகொண்டேன், உட்கார்ந்தால் எனக்குப் பேச்சு வராது. மேட்டில் இருப்பவனின் உரிமை, பள்ளத்தில் இருப்பவனின் பழக்கம், தேக்கியவனின் செலவு, தேவைப்பட்டவனின் அவசரம் என்று ஒவ்வொன்றாக எடுத்தேன். எதிர்த்தார்கள், அடக்கினேன். ஆமோதித்தார்கள், அவர்களுக்கும் விளக்கினேன். யாரோ தே தாரேக் டீ வாங்கி வந்தார்கள். வெயில் சாய்ந்தபோது, என் சொந்த நலனுக்கு எதிராகவே ஒரு தீர்மானத்தை நிறைவேற்றினேன்: தடைக்காலத்தில் தொட்டி நீரில் முதல் உரிமை மேல்மாடிக்கு. கைதட்டினார்கள். இரு மாநிலங்கள் உட்கார்ந்து பேசினாலும் இவ்வளவு நியாயமான ஒப்பந்தம் பிறந்திருக்காது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அப்துல் காதர் கூரைக்கு ஏறினார். இறங்கி வந்தவர் என் முகத்தைப் பார்க்கவில்லை.

"அடைக்க வேண்டியதில்லண்ணே. உள்ள ஒன்னும் இல்ல."

நாங்கள் பேசிக்கொண்டிருந்த நேரம் முழுவதும் கீழ்மாடி வீடுகளில் குழாய்கள் பேசாமல் வேலை செய்திருக்கின்றன.

சீதாலெட்சுமி எழுந்தாள். தான் உட்கார்ந்திருந்த நாற்காலியைத் தூக்கி மற்றவற்றின்மேல் அடுக்கிவிட்டுப் படியேறினாள். திட்டியிருந்தால் பதில் சொல்லியிருப்பேன். பதில் என்னிடம் எப்போதும் உண்டு.

வீட்டுக்குள் போனேன். நீல டிரம், வாளிகள், குக்கர், பிள்ளைகளின் தண்ணீர் போத்தல் வரை தளும்பத் தளும்ப நீர். கூட்டம் நடக்கும்போது இப்படிச் செய்யலாமா என்று என் மனைவி புனிதாவைக் கேட்டேன்.

"எல்லா வீட்டுலயும் நெரப்புற சத்தம் கேக்குது. நான் மட்டும் நல்லவளா இருக்கணுமா?" என்றாள். பிறகு, குக்கரை மூடிவைத்துவிட்டு, "மேல கொண்டு போய்க் குடுங்க," என்றாள்.

மேல்மாடிக்கே முதல் உரிமை என்று முழங்கிய வாய் இன்னும் காயவில்லை. என் கை நீல டிரம்மைத் தாண்டி இரண்டு சின்ன வாளிகளை எடுத்தது. மறுநாள் துணி துவைக்க வேண்டுமே!

நான்கு மாடி. லிஃப்ட் கிடையாது. ஒவ்வொரு திருப்பத்திலும் கொஞ்சம் படிக்கு, கொஞ்சம் என் காற்சட்டைக்கு என்று பங்கு கொடுத்துக்கொண்டே ஏறினேன். சீதாலெட்சுமி கதவைத் திறந்து வாளிகளை வாங்கிக்கொண்டாள். ரெங்கசாமி காலை முக்காலிமேல் நீட்டி உட்கார்ந்திருந்தார். கட்டு முந்தைய நாளுடையது, ஓரம் கறுத்திருந்தது. கூட்டத்தில் என்ன முடிவானது என்று விசாரித்தார். உங்களுக்குத்தான் முதல் உரிமை என்றேன்.

"நல்ல முடிவுண்ணே," என்றார். கேலி இல்லை, உண்மையாகவே சொன்னார்.

அதைவிடக் கனமாக எதையும் நான் அன்று தூக்கவில்லை. இறங்கி வந்து டிரம்மில் மொண்டேன். திரும்ப ஏறினேன். மூன்றாவது நடையில் அப்துல் காதரும் இரண்டு வாளியோடு சேர்ந்துகொண்டார். பாதிப் படியில் நின்று, அந்தச் சுரங்கம் எவ்வளவு நீளம் என்று கேட்டார். வாழ்க்கையில் முதல்முறையாக ஒருவர் தானாக முன்வந்து கேட்கிறார். பதில் தெரியும். மூச்சு இல்லை.

அன்றைக்கே கட்டு மாற்றினார்கள். புண்ணும் போகப்போக ஆறியது. சீதாலெட்சுமி இப்போது சொந்தமாக ஒரு டிரம் வாங்கி வைத்திருக்கிறாள். எங்கள் தீர்மானத்தின்மேல் அவளுக்கு அவ்வளவு நம்பிக்கை. பக்கத்து அடுக்குமாடிக்காரர்கள் தங்கள் தொட்டித் தகராறைத் தீர்க்க என்னை அழைத்திருக்கிறார்கள். போகாமல் இருப்பேனா?

நீங்கள் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் கூட்டம் நடந்துகொண்டிருந்தபோது உங்கள் மனதில் ஒரு திட்டம் ஓடவில்லையா? முதலில் மேல்மாடிக்குக் கொஞ்ச நேரம், அப்புறம் மாடிவாரியாக முறை வைத்து, புண்காரருக்கு மட்டும் தனி ஒதுக்கீடு என்று? நல்ல திட்டம். என்னுடையதைவிடச் சிறந்தது என்றே வைத்துக்கொள்வோம். நீங்கள் அதை யோசித்து முடித்தபோது ரெங்கசாமிக்கு எத்தனை வாளி போய்ச் சேர்ந்திருந்தது?