தினம் ஒரு சாக்கு

"ஏன்னா, எதிராத்து மாமியும் கேட்டுட்டா. இது யாராத்துக் குழந்தை, பேரனான்னு."

விஸ்வேஸ்வரன் கூடத்துச் சுவரைப் பார்த்தார். மாட்டியிருந்த சட்டத்துக்குள்ளிருந்து முன்பின் தெரியாத ஒரு குழந்தை பொக்கை வாயைத் திறந்து சிரித்தது. கடைக்காரன் சட்டத்தோடு மாதிரிக்கு வைத்துக் கொடுத்த படம்.

"நீ என்ன சொன்னே?"

"பின்னே என்ன சொல்றது? தூரத்து உறவுன்னேன்."

கல்யாண நாளுக்குள் அந்தத் தூரத்து உறவை இறக்கிவிட்டு அங்கே ஒரு கல்திருப்பியை ஏற்றுவதாக மனைவி காமாக்ஷிக்கு அவர் வாக்குக் கொடுத்திருந்தார். கல்திருப்பி என்பது குளிர்காலத்தில் ஃபோர்ட் கொச்சிக் கடலோரப் பாறைகளுக்கு வந்து, சின்னச் சின்னக் கற்களைப் புரட்டி இரை தேடும் பறவை. ஒரு நாள் கரையில் நடக்கும்போது காமாக்ஷி அதைப் பார்த்து, "என்ன அழகு" என்று நின்றுவிட்டாள். அவ்வளவுதான். அவள் எதுவும் கேட்கவில்லை. இவராகத்தான் வாக்குக் கொடுத்தார், கேமரா வாங்கினார், சட்டமும் வாங்கினார். பறவை மட்டும்தான் பாக்கி.

பறவையோ, இவர் பாறையில் கால் வைத்ததும் எதிர்க்கரை வைப்பின் தீவுப் பக்கம் பறந்துவிடும்.

விஸ்வேஸ்வரன் கணக்குப் பார்க்கும் மட்டாஞ்சேரி குடோனில் மூட்டை தூக்கும் பிச்சைமணியிடம் இந்தத் துக்கத்தைச் சொன்னார். பிச்சைமணி விருதுநகர்ப் பக்கத்திலிருந்து வந்தவன்.

"உங்க வெள்ளைச் சட்டையைப் பாத்துத்தான் ஓடுது சார். ஒரு சாக்கைப் போத்திக்கிட்டு அசையாம உக்காருங்க. பாறைன்னு நெனச்சுக்கும்."

யோசனை நன்றாகத்தான் இருந்தது. அவன் கொடுத்தது வற்றல் மிளகாய்ச் சாக்கு. முதல் தும்மலுக்குக் கல்திருப்பி பறந்தது. அடுத்த தும்மலுக்குச் கரையோரச் சீன மீன்வலைமேல் இருந்த கொக்குகள் பறந்தன. அதற்கும் அடுத்ததற்கு, கல்யாணத்துக்கு முன்னால் படமெடுக்க வந்திருந்த ஒரு ஜோடி கையை விட்டுவிட்டு ஆளுக்கொரு திசையில் ஓடியது.

"பட்சி எங்கே?" என்றாள் காமாக்ஷி.

"மிளகாய்ச் சாக்கு. தும்மிட்டேன்."

"இதெல்லாம் ஒரு சாக்கா?"

மறுநாள் அரிசிச் சாக்கு. மட்டாஞ்சேரிப் புறாக்களுக்கு அரிசிச் சாக்கு தெரியாதா? கூட்டமாக வந்து அவரைச் சுற்றி உட்கார்ந்தன. ஊரெங்கும் கலைக் கண்காட்சி நடக்கிற சமயம். ஒரு வெள்ளைக்காரத் தம்பதி இதையும் சிற்பமென்று நினைத்து, சுற்றி வந்து ரசித்து, இவர் மடிமேல் கொஞ்சம் பொரியும் தூவிவிட்டுப் போனார்கள்.

"இன்னிக்கு என்ன சாக்கு?"

"அரிசி," என்றார் விஸ்வேஸ்வரன் பரிதாபமாக.

வெள்ளிக்கிழமை பிச்சைமணி தலையைச் சொறிந்தான். "வீட்ல ஒரு சாக்கு இருக்கு சார். முதுகுப் பக்கம் நீலத்துணி ஒட்டுப் போட்டது. ஆனா காஞ்ச எறா வச்சிருந்தது. நீங்க ஐயரு..."

"கொண்டா."

"ஞாயித்துக்கிழமை உங்க வீட்டுக்கு வந்து வாங்கிக்குவேன். இல்லேன்னா வீட்டுக்காரி பொன்மணி என்னைச் சாக்குல கட்டிருவா."

சனிக்கிழமை விடிந்ததும், பரம்பரையாக முருங்கைக்காய்க்கு மேல் எதையும் முகர்ந்தறியாத அந்த மூக்கை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, மறு கையில் கேமராவோடு சாக்குக்குள் உட்கார்ந்தார். மீன் வாங்க வந்த ஒரு பெண் குனிந்து பார்த்தாள்.

"சேட்டா, உணக்கச் செம்மீன் உண்டோ?"

"காஞ்ச எறாவா? இல்ல."

"பின்னே எந்தினா இவிடே இரிக்குன்னே?"

எதற்கு இங்கே உட்கார்ந்திருக்கிறோம் என்று விஸ்வேஸ்வரனே ஒரு கணம் யோசித்தார்.

அவள் போனதும் தலைமேல் ஏதோ வந்து உட்கார்ந்தது. டொக்கென்று ஒரு கொத்து. நகர்ந்து, இன்னொரு கொத்து. என்னவென்று விஸ்வேஸ்வரன் உடனே தீர்மானித்துவிட்டார். காக்கா. அதுவும் சனிக்கிழமை, உச்சந்தலையில். அசைந்தால் இன்னும் என்ன ஆகுமோ என்று கண்ணை இறுக மூடிக்கொண்டு, சனீஸ்வர பகவானை முணுமுணுத்தபடி கல்லாய்ச் சமைந்தார். அது போன பிறகு கண்ணைத் திறந்தால் எதிரே பாறைகளில் ஒரு ஈ காக்காய் இல்லை.

காமாக்ஷி இந்த முறை சாக்குக் கேட்கவில்லை. விஷயத்தைக் கேட்டதும் வாசலிலேயே நிறுத்தி, தலையில் நல்லெண்ணெயை வைத்து, குளிக்க அனுப்பி, எள் தீபம் ஏற்றினாள்.

"படம் கெடக்கட்டும். நீங்க நன்னா இருந்தாப் போறும்," என்றாள். அவருக்கு அது இன்னும் வலித்தது.

ஞாயிற்றுக்கிழமை கல்யாண நாள் சாப்பாட்டுக்குக் காமாக்ஷியின் தம்பி ஸ்ரீநாத் வந்தான். பீரங்கி மாதிரி லென்ஸ் வைத்திருப்பவன். வந்ததும் வராததுமாகச் சட்டத்தை இறக்கி, குழந்தையை உருவிவிட்டு, தான் கொண்டுவந்த படத்தைச் செருகி மாட்டினான்.

காலை வெயிலில், ஒரு பாறையின் உச்சியில், கழுத்தைச் சாய்த்துக்கொண்டு கல்திருப்பி. இறகு இறகாக எண்ணலாம்.

"நேத்து கார்த்தால எடுத்தேன் அத்திம்பேர், ரோட்லேர்ந்தே. எத்தனை நாழி அசையாம நின்னுது தெரியுமோ?"

"நானும் அங்கேதான் இருந்தேன். இந்தப் பாறை மட்டும் என் கண்ணுல படலையே," என்றார் விஸ்வேஸ்வரன். "அடுத்த வருஷம் அதுக்குப் பக்கத்துலதான் உக்காரப்போறேன்."

காமாக்ஷி படத்தையும் அவரையும் பார்த்தாள். "அழகாத்தான் இருக்கு. உங்க பங்கு இதுல ஒண்ணுமில்லையேன்னுதான் நேக்குக் கொறை."

வாசலில் செருப்புச் சத்தம். பிச்சைமணி.

"இரு, சாக்கு கொல்லையில உலர்றது, எடுத்துண்டு வரேன்," என்று விஸ்வேஸ்வரன் எழுந்தார்.

பிச்சைமணி கூடத்துச் சுவரையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"மெதுவா எடுங்க சார், நீல ஒட்டுப் போட்ட நம்ம சாக்குதான் அந்தா சட்டத்துக்குள்ளயே இருக்கே... உள்ள உக்காந்திருக்கிறது நீங்கதான?"