மதில் எழுத்துக்கு ஒரு மனு

அன்றைக்கு எனக்கு இரண்டே வேலைதான். கார்ப்பரேஷன் ஆபீசில் ஒரு மனுவைக் கொடுக்க வேண்டும். வரும் வழியில் கால் கிலோ புளி வாங்க வேண்டும்.

புளி வாங்கிவிட்டேன்.

மனு, மலையாளம் புழங்கும் எங்கள் ஊரில், ஸ்ரீவராகம் பகுதியிலுள்ள எங்கள் வீட்டு மதிலைப் பற்றியது. கார்ப்பரேஷன் தேர்தல் நெருங்கிய சமயம். குடைச் சின்னத்தில் நின்ற வேட்பாளரின் ஆட்கள், மதில் முழுக்கச் சுண்ணாம்பு அடித்து, அவர் பெயரை நீலத்தில் எழுதிவிட்டார்கள். பக்கத்தில் ஆறடி அகலத்துக்கு ஒரு குடை!

"ஆத்துக்கு வரவா எல்லாம் இது கட்சி ஆபீசான்னு கேக்கறா. அழிக்கச் சொல்லிட்டு வாங்கோ" என்றாள் என் மனைவி கோமதி.

மனுவை மூன்று தடவை திருத்தி, ஓரம் விட்டு, நல்ல கையெழுத்தில் எழுதிக் கொண்டுபோனேன். கிளார்க் நிதானமாகப் படித்தார்.

"சாரே, அவங்க எழுதினப்போ நீங்க எங்க இருந்தீங்க?"

"வாசல்லதான்."

"தடுத்தீங்களா?"

"இல்லை."

"பின்னே என்ன செஞ்சீங்க?"

எனக்குப் பொய் வராது. "காபி கொடுத்தேன்."

அவர் பேனாவை மூடினார். "காப்பியா?"

"நல்ல வெயில் சார். பாவம், நாலு பேர்."

"சரி. இன்ஸ்பெக்டர் நேர்ல வந்து பார்ப்பார்."

மூன்றாம் நாள் வந்தார். தள்ளி நின்று பார்த்தார், கிட்டே போய்ப் பார்த்தார். "கொள்ளாமே, நல்லா இருக்கே! எழுத்தில் ஒரு கோணல் இல்லையே" என்றார்.

அந்த இடத்தில் நான் சும்மா இருந்திருக்கலாம்.

"முதல்ல கோணலாத்தான் ஆரம்பிச்சாங்க சார். பார்க்கச் சகிக்கலை. நான்தான் நூல் பிடிச்சுக் கொடுத்தேன்."

"நூலா?"

"ஒரு முனை அவங்க, ஒரு முனை நான். சாக்பீஸ் தூள் தடவிச் சுண்டினா நேர்கோடு விழும். குடையிலயும் ஒரு பக்கம் நாலு கம்பி, ஒரு பக்கம் மூணு. அதையும் சொல்லித் திருத்தினேன்."

சமையலறை ஜன்னல் படாரென்று சாத்திக்கொண்டது. உள்ளே கோமதி.

இன்ஸ்பெக்டர் ஓர் எழுத்து விடாமல் குறித்துக்கொண்டார்.

மறுநாள் நோட்டீஸ் வந்தது. எனக்கு! உரிமையாளரின் ஒத்தாசையுடன் எழுதப்பட்டதால், பதினைந்து நாளுக்குள் உரிமையாளரே அழிக்க வேண்டுமாம். தவறினால் கேஸ்.

"உங்களை யாரு வாயைத் திறக்கச் சொன்னா? காலேஜ் பரீட்சையில்கூட இவ்வளவு விவரமா எழுதியிருக்க மாட்டேள்!" என்றாள் கோமதி.

இன்ஸ்பெக்டரிடம் ஓடினேன். "பேர் வேட்பாளரோடது, சின்னம் அவரோடது. நோட்டீஸ் அவருக்குப் போகக் கூடாதா?"

என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "சாமி, அவர் ஜெயிச்சா கவுன்சிலர். நாளைக்கு நான் அவர் முகத்தில முழிக்கணும்."

"தோத்துப்போனா?"

"அடுத்த தடவை ஜெயிப்பார். நீங்க தேர்தல்லயே நிக்கலையே. உங்களுக்கு அனுப்பறதுதான் சேஃப்."

நியாயம்தான். சுண்ணாம்பும் வாளியும் மட்டையும் வாங்கிவந்து நானே இறங்கினேன். முதல் எழுத்துப் பாதி மறைவதற்குள், காபி குடித்த அதே நால்வர் வந்து நின்றார்கள்.

"எந்தா சாமி, மதிலை மற்ற பார்ட்டிக்குக் கொடுத்தாச்சோ?"

"ஐயோ இல்லப்பா, நோட்டீஸ் வந்திருக்கு!"

"எலெக்ஷன் முடியற வரை தொடவேண்டா சாமி. தலைவர் தப்பா எடுப்பார். நம்ம ஆள்னுதான் சொல்றோம்."

சொன்னதோடு நிற்கவில்லை. பாதி எழுத்தை மறுபடி எழுதிவிட்டு, வேறொரு மதிலுக்கு வேண்டும் என்று என் வாளியையும் மட்டையையும் எடுத்துப் போனார்கள்.

அழித்தால் கட்சி. அழிக்காவிட்டால் கோர்ட். ராத்தூக்கம் போயிற்று. கோமதி என்னிடம் ஜாடையில்தான் பேசினாள்.

குடை ஜெயித்தது. கெடுவில் இரண்டு நாள் பாக்கி இருக்கும்போது வெற்றி ஊர்வலம் எங்கள் தெருவில் வந்தது. செண்டை மேளத்துக்கு நடுவே புகுந்து, புதுக் கவுன்சிலரிடம் நோட்டீசை நீட்டினேன். மாலையை விலக்கிக்கொண்டு படித்தார்.

"அய்யய்யோ! நம்ம சாமி மேலயா கேஸ்? நாளைக்கே சரியாக்கறேன்!"

சொன்ன சொல் தவறவில்லை. மறுநாள் காலையிலேயே ஆட்கள் வந்து பெயர், குடை, எல்லாவற்றையும் சுண்ணாம்பால் மூடினார்கள். இன்ஸ்பெக்டரும் வந்தார். 'அழிக்கப்பட்டது' என்று எழுதி ஃபைலை முடித்தார். கேஸ் இல்லை! எனக்குக் கண்ணே கலங்கிவிட்டது.

அவர் தன் ஸ்கூட்டரை உதைப்பதற்குள் ஆட்கள் நீல டப்பாவைத் திறந்தார்கள். 'வாக்காளர்களுக்கு நன்றி.' முன்னதைவிடப் பெரிய எழுத்து.

"சார்! சார்! பாருங்க, மறுபடியும்!"

இன்ஸ்பெக்டர் திரும்பியே பார்க்கவில்லை. "அது புது எழுத்து சாமி. புதுசா மனு கொடுக்கறீங்களா?"

"வேண்டாம் சார். பார்க்க லட்சணமாத்தான் இருக்கு" என்றேன்.

எங்கள் ஊரில் மதிலில் எழுதுகிறவனுக்கு ஒன்றும் ஆகாது. காகிதத்தில் எழுதுகிறவன்தான் மாட்டிக்கொள்வான்.